வலது கன்னத்தில் ஒரு பள்ளம்

மூன்றாவது முறையாகவும் அந்தப் பல்செட் திரும்பி வந்தபோது மில்லிமீட்டருக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்புதான் வந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தார். மேலே பதினான்கு, கீழே பதினான்கு. ஒரு பல் முன்னே பின்னே இல்லை. பளபளவென்று இருந்தது. இதில் என்ன குறை கண்டார்கள் என்று அவருக்குப் புரியவில்லை.

அந்தப் பல் லேப்பின் பின்னறையில் அவர் இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பல்செட் செய்துகொண்டிருந்தார். பல் டாக்டர்கள் நோயாளியின் ஈறில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பற்களை வரிசையாக நட்டு, கடி சரிபார்த்து முடித்து அனுப்புவது அவர் வேலை. நோயாளி யார் என்று அவர் பார்த்ததே இல்லை. பெட்டியின்மேல் ஒரு எண் இருக்கும், வயது இருக்கும், ஆணா பெண்ணா என்று இருக்கும். மில்லிமீட்டர் கணக்கில் அளக்கும் காலிப்பர் கருவி இல்லாமல் அவர் எதையும் தொடமாட்டார் என்பதால் லேப்பில் எல்லோரும் அவரை மில்லிமீட்டர் என்றே கூப்பிட்டார்கள். அதை அவர் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை பெட்டியோடு டாக்டரும் வந்திருந்தார். புதிதாக வேலை தர ஆரம்பித்திருந்த பெண் டாக்டர். அவரைவிட இருபது வயதாவது சின்னவர்.

"கடி சரியா இருக்கு சார். எங்கயும் குத்தல, உறுத்தல. ஆனா அந்தம்மா வேணாங்கறாங்க."

"ஏனாம்?"

"இது என் வாய் இல்லங்கறாங்க."

"வாய் அவங்களுதுதான் டாக்டர். பல்லுதான் நான் செஞ்சது."

டாக்டர் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து இன்னும் இரண்டு பெட்டிகளை எடுத்தார். மூன்று செட்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இதுல எது யாருதுன்னு பெட்டியப் பாக்காம சொல்லுங்க."

மில்லிமீட்டர் குனிந்து பார்த்தார். அவரால் சொல்ல முடியவில்லை. ஒன்று எண்பது வயதுக் கிழவருடையது, ஒன்று ஐம்பது வயதுப் பெண்ணுடையது. மூன்றும் ஒரே சிரிப்பைச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"உங்க வேலையில பிசகே இல்ல சார். அதான் பிரச்சனையே. நீங்க முகத்தயே பாக்கறதில்ல." பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஒரு படம் வரையற வகுப்பு இருக்கு. நானும் போயிருக்கேன். ஆறு சனிக்கிழம, மத்தியானம். உங்க பேரக் குடுத்துட்டேன்" என்றார்.

"பல்லு செய்யறவன் எதுக்கு டாக்டர் படம் வரையணும்?"

"உங்க முகத்த நீங்களே கரியில வரையணும். அவ்வளவுதான்."

லேப்பின் முதலாளி கதவோரம் நின்று தலையாட்டினார். வருகிற வேலையில் பாதி இந்த டாக்டருடையது. அவர் தலையாட்டத்தான் செய்வார்.

வீட்டில் சொன்னபோது மனைவி சிரித்துவிட்டாள். அவள் குடிநீர் அலுவலகத்தில் புகார்த் தொலைபேசி எடுப்பவள். காலை முதல் மாலை வரை ஊர் மொத்தத்தின் எரிச்சலையும் காதில் வாங்கிக்கொண்டு வருபவளுக்கு வீட்டில் ஒருவர் புலம்புவது பெரிய விஷயமே இல்லை.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லங்க. உங்க புகார் பதிவு செய்யப்பட்டது."

வகுப்பு ஒரு டயர் கடையின் மாடியில் நடந்தது. படியேறும்போதே ரப்பர் வாடை மூக்கில் ஏறியது. ஒன்பது பேர், தாளை மாட்டி வரைய ஒன்பது ஈசல் சட்டம், ஒன்பது கண்ணாடி. சொல்லிக் கொடுத்தவள் முப்பது சொச்சம் வயதுப் பெண். எல்லோரும் மிஸ் என்று கூப்பிட்டதால் அவரும் அப்படியே கூப்பிட்டார். அவள் ஆளுக்கு ஒரு கரிக்குச்சி, பிசைந்து உருட்டக்கூடிய ஒரு ரப்பர், ஒரு கந்தல் துணி கொடுத்தாள்.

கரிக்குச்சியைக் கையில் வாங்கிய நிமிடத்திலிருந்து மில்லிமீட்டருக்கு அதோடு ஒத்துப்போகவில்லை. கூர் நிற்கவில்லை. அழுத்தினால் முறிந்தது, அழுத்தாவிட்டால் பதியவில்லை. கோடு போட்ட இடத்தில் உள்ளங்கை பட்டால் கோடு காணாமல் போய், கை போன இடமெல்லாம் ஒரு சாம்பல் நிற மேகம் படர்ந்தது. மெழுகு சொன்னபடி கேட்கும். பிளாஸ்டர் சொன்னபடி கேட்கும். இது எதையும் கேட்கிற ஜாதி இல்லை.

முதல் சனிக்கிழமை முடிவில் மிஸ் அவருடைய தாளுக்கு முன் வந்து நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள்.

"சார், நீங்க கண்ணாடியில சிரிச்சீங்களா?"

"இல்லையே."

"அப்ப பல்லு எப்படித் தெரியுது?"

மில்லிமீட்டர் தன் படத்தைப் பார்த்தார். கண் இருந்த இடத்தில் இரண்டு பொத்தான், மூக்கு இருந்த இடத்தில் ஒரு கொக்கி. ஆனால் வாய் மட்டும் திறந்து, பன்னிரண்டு பற்களும் தனித்தனியாக, ஒவ்வொன்றும் நிழலோடு, அச்சில் வார்த்ததுபோல் இருந்தன. பக்கத்து ஈசல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"தெரிஞ்சத வரைஞ்சிருக்கீங்க. தெரியறத வரையணும்," என்றாள் மிஸ்.

இந்த மாதிரிப் பேச்சே அவருக்கு ஆகாது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் இன்னொன்று சொல்வாள் என்று பயந்து கேட்காமல் விட்டார்.

அடுத்த வாரம் காலிப்பரோடு போனார். தாளின் நடுவே நேராக ஒரு கோடு கிழித்தார். கண்ணாடியில் தெரிந்த இடது பாதி முகத்தை அளந்து அளந்து வரைந்தார். பிறகு அதே அளவுகளை வலது பக்கம் மாற்றினார். கண்ணுக்குக் கண், காதுக்குக் காது, எங்கும் இம்மி பிசகில்லை. அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. வீட்டுக்குச் சுருட்டிக்கொண்டு வந்து சுவரில் சாய்த்து வைத்தார்.

மனைவி தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள். "யாருங்க இது?"

"யாருன்னா?"

"உங்க அக்காவுக்கு மீசை வெச்ச மாதிரி இருக்கு."

"அளவெல்லாம் சரியா இருக்கு பாரு."

"இருக்கலாம். ஆள் சரியா இல்ல."

அவர் சாப்பிடாமல் எழுந்தார். அதாவது எழுந்து உள்ளே போய், பத்து நிமிடத்தில் பசி தாங்காமல் திரும்பி வந்து சாப்பிட்டார். மனைவி ஒன்றும் கேட்காமல் பரிமாறினாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கரி இப்போது வீடு முழுக்கப் பரவியிருந்தது. சுவிட்சில், குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியில், தலையணை உறையில். புதன்கிழமை டாக்டரே போன் செய்தார். அன்று அனுப்பிய பிளாஸ்டர் அச்சின்மேல் கட்டைவிரல் ரேகை ஒன்று கன்னங்கரேலென்று பதிந்து வந்திருக்கிறதாம். இருபத்தெட்டு ஆண்டுகளில் அவர் கையிலிருந்து அழுக்காக ஒரு சாமான் வெளியே போனதில்லை. "எல்லாம் உங்களாலதான் டாக்டர்," என்று சொல்ல வாய்வரை வந்தது. "துடைச்சிடுங்க டாக்டர்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

மூன்றாவது சனிக்கிழமை மிஸ் காலிப்பரைக் கேட்டு வாங்கித் தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். "வகுப்பு முடிஞ்சதும் தரேன் சார்."

"அது இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடாது மிஸ்."

"ஓடாதுன்னா நடங்க. மெதுவா நடங்க."

அன்று நான்கு தாள் கிழித்தார். ஒவ்வொன்றிலும் இடது பக்கம் வரைக்கும் ஓரளவு தேறியது. வலது பக்கம் வந்ததும் கை தானாகவே இடது பக்கத்தைக் காப்பி அடித்தது. நான்காவது சனிக்கிழமையும் அதே கதை. பக்கத்து ஈசல்காரர், முதல் வாரம் சிரிப்பை இருமலாக மாற்றியவர், தன் முகத்தை அசலாக வரைந்து முடித்திருந்தார். தொங்கும் கண்பை, சப்பை மூக்கு, எல்லாம் இருந்தது. அதைப் பார்த்து அந்த ஆளே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு அவலட்சணமான படத்தில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று மில்லிமீட்டருக்கு விளங்கவில்லை.

இறங்கி வரும்போது மிஸ் பின்னாலேயே வந்தாள். "சார், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? இங்க வரவங்க எல்லாரும் தன் முகத்துல பிடிக்காததத்தான் மறைப்பாங்க. நீங்க எதையும் மறைக்கல. திருத்துறீங்க. உங்களுக்கே தெரியாம."

"என் வேலையே அதுதான் மிஸ். கோணல நேராக்கறது."

"இங்க அந்த வேலை இல்ல சார்," என்று சொல்லிவிட்டு அவள் மேலே போய்விட்டாள்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்குக் குளியலறைக் கண்ணாடியைக் கழற்றி வந்து சன்னலோரம் நாற்காலிமேல் நிறுத்தினார். இன்றைக்கு ஒரு முடிவு பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் டாக்டரிடம் போய்க் கையை விரித்துவிட வேண்டும் என்ற நினைப்பு. நடுக்கோடு போடவில்லை. போடக்கூடாது என்ற எண்ணமெல்லாம் இல்லை, எரிச்சலில் மறந்துபோனார். நேராக வலது கன்னத்தில் ஆரம்பித்தார்.

கன்ன எலும்புக்குக் கீழே ஒரு கறுப்பு விழுந்தது. கை பட்டுவிட்டது என்று நினைத்துத் துணியால் துடைத்தார். மறுபடி கண்ணாடியைப் பார்த்து, தெரிகிற நிழலைத் தேய்த்தார். மறுபடி அதே இடத்தில் அதே கறுப்பு. ரப்பரை உருட்டி ஒற்றி எடுத்தார். மூன்றாவது தடவையும் கை அங்கேயே போய் நின்றது.

"சனியன்," என்றார் சத்தமாக.

"யாரு, நானா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"உன்னச் சொல்லல. இந்தக் கன்னம்."

கண்ணாடிக்கு முகத்தை அருகே கொண்டுபோனார். தாளில் தப்பு இல்லை. கறுப்பு முகத்தில்தான் இருந்தது. வலது கன்னம் ஒரு பள்ளமாக உள்ளே போயிருந்தது. இடது தாடை புடைத்து, முகம் மொத்தமும் லேசாக அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. உதட்டின் வலது முனை தாழ்ந்திருந்தது. தினமும் இதே கண்ணாடியில்தான் சவரம் செய்கிறார். சோப்பு நுரையைப் பார்த்திருக்கிறார், கத்தியைப் பார்த்திருக்கிறார்.

வாயைத் திறந்தார். வலது பக்கம் கீழே இரண்டு கடைவாய்ப்பல் இல்லை. அது அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. பதினோரு வருடங்களுக்கு முன் பிடுங்கியது. அப்புறம் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டது. ஒரு பக்கமாகவே மென்றால் முகம் என்ன ஆகும் என்பதும் தெரியும். வேறு யாருடைய அச்சாவது இப்படி மேசைக்கு வந்திருந்தால், இந்த ஆள் பத்து வருஷமாக இடது பக்கம்தான் சாப்பிடுகிறான் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பார்.

மனைவியைக் கூப்பிட்டார். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என் மூஞ்சி ஒரு பக்கமா கோணிக்கிட்டு இருக்கே, உனக்குத் தெரியுமா?"

"தெரியுமே."

"எத்தன வருஷமா?"

"பல்லு பிடுங்கினதுலேருந்து. நீங்க வலது பக்கம் மெல்லறதே இல்லையே. கடினமா எதாச்சும் செஞ்சா ஒதுக்கி வெச்சிருவீங்க. அதனாலதான் நான் எல்லாத்தயும் குழைய வேக வைக்கறேன்."

"சொல்லிருக்கலாம்ல?"

"மூணு தடவ சொன்னேன். பல்லப் பத்தி எனக்கே சொல்லித் தரியான்னு கேட்டீங்க. அதோட விட்டுட்டேன்."

அவள் குற்றம் சாட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை. நேரம் கேட்டவருக்கு நேரம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். பதினோரு வருடமாக வீட்டில் ஏன் எல்லாமே களியாக இருக்கிறது என்று அவர்தான் வாரத்துக்கு ஒரு தடவை குறைபட்டுக்கொண்டிருந்தார். அவள் அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அவள் போகவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவர் திரும்பி வரைய ஆரம்பித்தார். பள்ளத்தைப் பள்ளமாகவே விட்டார். தாழ்ந்த உதட்டைத் தாழ்த்தினார். நெற்றிக்கு வந்தபோது புருவங்களுக்கு நடுவே இரண்டு செங்குத்துக் கோடுகள் தெரிந்தன.

"இது இப்ப உத்துப் பாக்கறதால விழுது," என்றார்.

"இல்லங்க. தூங்கறப்பவும் இருக்கு."

அதையும் வரைந்தார். வரைய வரைய எரிச்சல் குறையும் என்று எதிர்பார்த்தார், குறையவில்லை. கரி முறிந்தது, இடது காது தாடைவரை இறங்கிவிட்டது, அதைத் தூக்கப் போய்த் தலைமுடி அழிந்தது. ஒரு மணிக்கு நிறுத்தியபோது கழுத்துவரை வியர்வையும் கரியுமாக இருந்தார். படத்தில் இருந்த ஆள் கோணல் வாயும் சுருங்கிய நெற்றியுமாக, யாரையோ திட்டப்போகிறவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

மனைவி ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து படத்துக்கு எதிரே நின்று பார்த்தாள். பிறகு, "இது நீங்கதான்," என்றாள். அவள் முகத்தில் இருந்தது சிரிப்பா வேறு ஏதாவதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. "காது மட்டும் கழுதைக் காது. மத்ததெல்லாம் நீங்கதான்."

திங்கட்கிழமை அவர் லேப்புக்குப் போகாமல் நேராக டாக்டரின் கிளினிக்குக்குப் போனார். "அந்தம்மாவ நான் பாக்கணும்," என்றார்.

வியாழக்கிழமை அந்த அம்மா வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். ரயில் நிலையத்தில் முப்பது ஆண்டுகள் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பல்லில்லாத வாயிலும் ஒவ்வொரு சொல்லும் தனியாக, தெளிவாக வந்து விழுந்தது.

"நீங்கதான் அந்தப் பல்ல செஞ்சவரா?"

"ஆமாங்கம்மா."

"ரொம்ப அழகா செஞ்சிருக்கீங்க. ஆனா எனக்கு அது வேணாம். போட்டுக்கிட்டுப் பேசினா என் குரல்தான் வருது. கண்ணாடியில பாத்தா வேற யாரோ பேசறாங்க. என் வீட்டுக்காரர் போனப்புறம் எனக்குப் பேச்சுத்துணை அந்தக் கண்ணாடிதான். அதுலயும் தெரியாத ஆள் வந்து நின்னா நான் எங்க போவேன்?"

பழைய போட்டோ இருக்கிறதா என்று மில்லிமீட்டர் கேட்டார். இருந்தது, ஆனால் எல்லாவற்றிலும் வாயை மூடிக்கொண்டிருந்தார். பல் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "பல்லு மாதிரி இருந்துச்சு," என்றார். மில்லிமீட்டருக்கு மண்டை சூடேறியது. பையிலிருந்து தாளையும் கரிக்குச்சியையும் எடுத்தார். "கொஞ்சம் ஆடாம உக்காருங்கம்மா."

ஆடாமல் இருப்பது அந்த அம்மாவால் முடியாத காரியம். தலையைத் திருப்பினார், கையை ஆட்டினார், எந்த ரயில் எந்த வருடம் எத்தனை மணி நேரம் தாமதம் என்று சொன்னார். மில்லிமீட்டர் வரைந்தார், அழித்தார், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி வரைந்தார். அரை மணி நேரத்தில் ஒன்று கண்ணில் பட்டது. பேசும்போது மேலுதடு இடது பக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கிக்கொண்டது, அடியில் ஏதோ துருத்திக்கொண்டு இருந்த பழக்கத்தில்.

"இந்த எடத்துல ஒரு பல்லு முன்னாடி வந்து, பக்கத்துப் பல்லு மேல ஏறி இருந்துச்சா?"

அந்த அம்மா பேச்சை நிறுத்தினார். அன்று முதல் தடவையாக நிறுத்தினார். விரலை உதட்டின்மேல் அந்த இடத்தில் வைத்துக்கொண்டார். "கல்யாணத்துக்கு முன்னாடி அத ராவித் தேய்க்கச் சொன்னாங்க. அவருதான் வேணாம்னுட்டாரு."

அந்த அம்மாவுக்கு நான்காவது செட் செய்ய எட்டு நாள் ஆனது. கோணலாக ஒரு பல்லை நடுவது நேராக நடுவதைவிட இவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியாது. ஐந்து முறை மெழுகை உருக்கினார். ஒவ்வொரு முறையும் விரல் அதைப் பிடித்து நேராக்கப் பார்த்தது. பல்லின் ஓரங்களை வயதுக்குத் தக்கபடி கொஞ்சம் தேய்த்தார். பக்கத்து மேசைக்காரன், "என்ன மில்லிமீட்டர், கை நடுங்குதா? வயசாயிடுச்சா?" என்று கேட்டான். அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை.

கிளினிக்கில் அந்த அம்மா செட்டைப் போட்டுக்கொண்டு கைக்கண்ணாடியை வாங்கினார். டாக்டரும் மில்லிமீட்டரும் இரண்டு பக்கமும் நின்றார்கள். அந்த அம்மா சிரித்துப் பார்க்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், பிறகு கிட்டே கொண்டுவந்தார்.

"எங்க போயிருந்த இவ்வளவு நாளு?" என்றார் கண்ணாடியிடம்.

டாக்டர் ஏதோ எடுக்கிற மாதிரி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். மில்லிமீட்டருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஆனால் இரண்டு நிமிடம்தான். அதற்குள் அந்த அம்மா அவரைப் பார்த்து, "ஆனா 'ச' சொல்றப்ப விசில் அடிக்குது," என்றார்.

"அடிக்கக்கூடாதே."

"அடிக்குது. கேளுங்க. சாயங்காலம். சனிக்கிழம. சரக்கு ரயில்."

அடித்தது. மில்லிமீட்டர் செட்டை வாங்கி, மூலையில் இருந்த சின்ன இயந்திரத்தில் ராவிக் கொடுத்தார். அந்த அம்மா மறுபடி போட்டுப் பார்த்து, இன்னும் அடிக்கிறது என்றார். மில்லிமீட்டர் மறுபடி ராவினார். நான்கு தடவை ஆனது. நான்காவது தடவையில் அந்த அம்மா "சரி" என்று விசில் இல்லாமல் சொன்னார்.

இனி வருகிற ஒவ்வொரு அச்சோடும் பேசும்போது எடுத்த இரண்டு மூன்று போட்டோவும் வேண்டும் என்று மில்லிமீட்டர் டாக்டரிடம் சொன்னார். மற்ற இரண்டு செட்டின் ஆட்களையும் வரச்சொல்லுங்கள் என்றார். டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "உங்களுக்கும் ஒரு அச்சு எடுத்துடலாம் சார், அந்த நாற்காலியில உக்காருங்க," என்றார். நாளைக்கு வருகிறேன் என்றார் அவர். டாக்டர் நகரவில்லை. அச்சு எடுக்கும் பசை தொண்டைவரை போய்க் கண்ணில் நீர் முட்டியது. இத்தனை ஆயிரம் பேர் இதை வாயில் வைத்துக்கொண்டா தன்னிடம் வந்தார்கள் என்று நினைத்தார்.

வாய் கொப்பளித்துவிட்டு வெளியே வந்தபோது அந்த அம்மா இன்னும் போகவில்லை. மில்லிமீட்டர் வெளியே வைத்துவிட்டுப் போயிருந்த பையிலிருந்து துருத்திக்கொண்டிருந்த தாளை உருவிப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நானா?"

"ஆமாங்கம்மா. குடுங்க, அது சரியா வரல."

"எனக்குக் குடுத்துடுங்க."

"மூக்கு தப்பா இருக்கும்மா. வேற வரைஞ்சு தரேன்."

"மூக்க நான் பாத்துக்கறேன்," என்று சொல்லி அந்த அம்மா தாளைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். அந்த அம்மாவின் வெள்ளை ரவிக்கையின் கை முழுக்கத் தாளிலிருந்த கரி அப்பியிருந்தது. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று மில்லிமீட்டர் யோசிப்பதற்குள் அவர் தெருமுனை திரும்பிவிட்டார்.